ரோஸ்மேரி: வெயில் தாங்கும், ஈரம் தாங்காது

தலைமுடி வளரும் என்று சொல்லி ரோஸ்மேரித் தண்ணீரைப் பாட்டிலில் விற்க ஆரம்பித்த பிறகு, இந்தச் செடியை நாமே வளர்த்தால் என்ன என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். தாராளமாக வளர்க்கலாம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மிதமான குளிருள்ள ஊர்களில் வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் வைத்திருப்பவர்களுக்கு இது ஏற்ற செடி. ஓசூர், பெங்களூரு வாசிகளுக்கும் பெரிய சிரமம் இருக்காது. ஆனால் நர்சரியில் "தண்ணியே வேணாங்க, தானா வளரும்" என்று சொல்லிக் கையில் கொடுக்கிறார்களே, அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் நட்ட செடிகள் பல, முதல் மழைக்காலத்திலேயே கருகிவிடுகின்றன.

ரோஸ்மேரியின் பூர்வீகம் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள். ஸ்பெயின், தெற்கு பிரான்ஸ், இத்தாலி, வட ஆப்பிரிக்கக் கரை ஆகிய இடங்களில் பாறைச் சரிவுகளிலும் சுண்ணாம்புக் குன்றுகளிலும் தானாக முளைத்துக் கிடக்கும் புதர் இது. அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும். கோடை முழுக்க வானம் வறண்டு கிடக்கும். அந்தக் கோடையைக் கடத்துவதற்கென்றே இதன் இலை அமைந்திருக்கிறது. ஒடுங்கிய சின்ன இலை, தடித்த மேல்தோல், கீழ்நோக்கிச் சுருண்ட ஓரங்கள். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்று பூனைமுடி. இலை மூச்சு விடும் துளைகள் அந்த முடிக்குள்தான் ஒளிந்திருக்கின்றன. சூடான காற்று நேராகப் பட்டு ஈரத்தை இழுத்துக்கொண்டு போக வழியில்லை.

தொட்டதும் விரலில் ஒட்டிக்கொள்ளும் வாசனை, இலையிலுள்ள நுண்சுரப்பிகளில் சேரும் எண்ணெயிலிருந்து வருவது. கற்பூரம், சினியோல், பைனீன் ஆகியவை அதில் முக்கியமானவை. யூகலிப்டஸ் தைலத்திலும் இதே சினியோல்தான் அதிகம். எனவே ரோஸ்மேரியைக் கசக்கி முகரும்போது நீலகிரித் தைலம் நினைவுக்கு வந்தால் அது உங்கள் மூக்கின் குற்றமல்ல.

இலை இத்தனை செய்தாலும், வறட்சியைத் தாங்குவதில் பெரும்பங்கு வேருக்கு. பாறை இடுக்கிலும் சரளையிலும் நெடுந்தூரம் ஓடி ஈரத்தைத் தேடிப் பிடிக்கும் வேர் அது. அந்த வேருக்குக் காற்று வேண்டும். மண்ணிடுக்குகளில் தண்ணீர் நின்றுவிட்டால் காற்று போகாது, வேர் மூச்சுத் திணறும், பூஞ்சை மாதிரியான அழுகல் கிருமிகள் உள்ளே புகும். நம் மலைகளில் சிக்கலே இங்குதான். வெப்பநிலை மத்தியதரைக் கடல் நாட்டைப்போல இதமாக இருக்கிறது, மழை மட்டும் நேர்மாறு. நீலகிரியில் ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அதைவிட அக்டோபர், நவம்பர் மழை பலம். நடுவில் நாள் கணக்கில் மூடுபனி. செடிக்கு ஆபத்து மார்ச் மாத வெயிலில் இல்லை, இந்த மாதங்களில்தான்.

அதற்காக இங்கே வராது என்று நினைக்க வேண்டாம். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உள்ள பகுதிகள் ரோஸ்மேரிக்கு ஏற்றவை. நீலகிரி விவசாயிகள் இதை மானாவாரியாகவே பயிரிடுகிறார்கள். உதகமண்டலத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஊட்டி ஆர்.எம். 1 என்று தனி ரகமே வெளியிட்டிருக்கிறது. விவசாயிகளுக்கு மானாவாரிச் சாகுபடி சாத்தியமாவதில் மலைச்சரிவுக்குப் பெரிய பங்குண்டு. பெய்த மழை நிற்பதில்லை, ஓடிவிடுகிறது. வீட்டுத் தோட்டத்தில் நாம் செய்ய வேண்டியதும் அந்தச் சரிவைக் கொஞ்சம் நகலெடுப்பதுதான்.

முதலில் இடம். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழ வேண்டும். தெற்குப் பார்த்த சுவரோரம் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஓட்டுக்கூரைத் தண்ணீர் கொட்டும் இறவாரத்துக்குக் கீழே வேண்டாம். அடுத்து, ஓர் அடி ஆழத்துக்குக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். ஓரிரு மணி நேரத்தில் வடிந்தால் அந்த மண் போதும். மறுநாள் காலையிலும் குட்டையாக நின்றால் அங்கே நட வேண்டாம். அரையடி, முக்காலடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, மண்ணோடு ஆற்று மணலோ பொடிச்சரளையோ மூன்றில் ஒரு பங்கு கலந்து அதன்மேல் நடுங்கள். வெறும் குழிக்குள் மட்டும் மணலைக் கொட்டினால் களிமண்ணுக்கு நடுவே தொட்டி கட்டியதுபோல் ஆகிவிடும், சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் அதில் வந்து சேரும்.

தேயிலை வளரும் மலைமண் இயல்பாகவே புளிப்பானது. ரோஸ்மேரிக்கு 6 முதல் 7.5 வரையிலான கார அமில நிலை பிடிக்கும். நடுவதற்குச் சில வாரம் முன்பே ஒரு கைப்பிடி டோலமைட்டையோ தோட்டச் சுண்ணாம்பையோ மண்ணில் கலந்து விடலாம். உரம் விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. நடும்போது கொஞ்சம் மக்கிய தொழு உரம், பிறகு ஆண்டுக்கு ஒரு முறை அதே அளவு. யூரியாவைப் போட்டால் செடி கொழுகொழுவென்று வளரும், ஆனால் தண்டு மெலிந்து சாயும், வாசனையும் குறையும்.

விதை போட்டு வளர்ப்பது பொறுமைசாலிகளின் வேலை. முளைப்பு மெதுவானது, சீராகவும் இருக்காது. தெரிந்தவர் வீட்டுச் செடியிலிருந்து பூக்காத கிளையாகப் பார்த்து, ரொம்ப இளசாகவும் இல்லாமல் மரமாகவும் ஆகாமல் 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்தில் குச்சி வெட்டிக்கொள்ளுங்கள். கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு மணல் கலந்த மண்ணில் ஊன்றி நிழலில் வைத்தால் ஒன்றிரண்டு மாதத்தில் வேர் விடும். தரையோடு படர்ந்த கிளை இருந்தால் அதன் நடுப்பகுதியை மண்ணில் புதைத்து மேலே ஒரு கல்லை வைத்துவிடுங்கள். தானே வேர் பிடிக்கும், பிறகு வெட்டித் தனியாக நடலாம். செடிக்குச் செடி ஒன்றரை அடி இருந்தால் அறுவடைக்குப் போதும். அழகுக்காக வளர்த்தால் மூன்றடி விடுங்கள், ஏனென்றால் நிமிர்ந்து வளரும் ரகங்கள் நாலைந்து அடி உயரம் போகும், இடையில் காற்றோட்டம் இல்லாவிட்டால் சாம்பல் நோய் பிடிக்கும். தரையில் படரும் ரகங்களும் உண்டு. கற்சுவரின் மேல் நட்டுத் தொங்கவிட அவை பொருத்தமானவை.

வாங்கும் இடத்தில் சீட்டைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பழைய சீட்டில் ரோஸ்மரினஸ் அஃபிசினாலிஸ் என்றும் புதியதில் சால்வியா ரோஸ்மரினஸ் என்றும் இருக்கும். 2017இல் தாவரவியலாளர்கள் இதை சால்வியா பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். செடி ஒன்றேதான்.

இனி தண்ணீர். நட்ட முதல் ஆண்டு இது வறட்சி தாங்கும் செடியே அல்ல. வேர் ஓடும் வரை, மழையில்லாத வாரங்களில் வாரம் ஒரு முறை ஆழமாக ஊற்ற வேண்டும். தினமும் ஒரு சொம்பு தெளிப்பதில் பயனில்லை, மேல்மண் மட்டும் நனைந்து வேரும் மேலேயே நின்றுவிடும். இரண்டாம் ஆண்டிலிருந்து, மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். மலையில் நன்றாக வேரூன்றிய செடிக்குப் பெரும்பாலான மாதங்களில் நீங்கள் குழாயைத் திறக்கவே தேவையிருக்காது.

நீர் மிஞ்சியதை அடையாளம் காண்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அடியிலைகள் மஞ்சளாகும், நுனி பழுப்பாகும், கிளை தொய்யும். பார்ப்பவருக்குத் தாகம் என்றே தோன்றும், உடனே இன்னொரு வாளி ஊற்றுவார். வேர் அழுகியிருந்தால் தண்ணீரை மேலே ஏற்ற ஆளில்லை, அதனால்தான் அந்தத் தொய்வு. மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் வாளியைத் தூக்காதீர்கள்.

தொட்டியில் வளர்ப்பவர்களுக்குக் கணக்கு வேறு. தூரம் ஓட வேருக்கு இடமில்லாததால் தொட்டி ரோஸ்மேரிக்கு வறட்சி தாங்கும் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். போதாததற்கு, இதன் விறைத்த இலை மற்ற செடிகளைப்போல வாடித் தலை தொங்கி எச்சரிக்காது. பச்சையாகவே நிற்கும், ஒருநாள் தொட்டால் பொடிப்பொடியாக உதிரும். பிளாஸ்டிக்கைவிட மண்தொட்டி மேல். அடியில் துளை அடைபடாமல் இருக்கட்டும், கீழே தட்டு வைத்துத் தண்ணீர் தேக்க வேண்டாம்.

கவாத்தில் ஒரே விதி: இலையுள்ள பச்சைப் பகுதியில் வெட்டுங்கள். இலையில்லாத பழைய கட்டைவரை வெட்டினால் ரோஸாவைப்போல இது மறுபடி துளிர்ப்பது அபூர்வம். பூத்து முடிந்ததும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் நறுக்கிவிட்டால் செடி அடர்த்தியாக நிற்கும். சில ஆண்டு கவாத்து செய்யாமல் விட்டு அடிப்பகுதி மொட்டையாகிப்போன செடியைக் காப்பாற்ற மெனக்கெடுவதைவிட, அதன் நுனியிலிருந்து குச்சி எடுத்துப் புதிதாக நடுவதே என் கட்சி. ஊட்டியின் டிசம்பர், ஜனவரி உறைபனி வளர்ந்த செடியைக் கொல்லாது. புதுத்துளிர்தான் கருகும் என்பதால் நவம்பரில் கத்தரியைத் தூக்க வேண்டாம்.

பூ வெளிர்நீலம், சிறியது, பார்வைக்குச் சாதாரணம். தேனீக்கள் அப்படி நினைப்பதில்லை. பூவின் இரண்டு மகரந்தத் தாள்களும் மேலே வளைந்து நிற்கும், தேன் குடிக்கத் தலையை நுழைக்கும் தேனீயின் முதுகில் மகரந்தத்தைத் தடவிவிடும். பிரான்ஸின் நார்போன் பகுதி ரோஸ்மேரித் தேனுக்குப் பெயர் போனது.

வயலில் நட்டு ஏறக்குறைய எட்டு மாதத்தில் முதல் அறுப்பு. வீட்டில் அதற்குள் அவ்வப்போது நுனி கிள்ளிக்கொள்ளலாம். காலைப் பனி உலர்ந்த பிறகு பறித்து நிழலில் காயவைத்தால் மணம் தங்கும். உருளைக்கிழங்கு வறுவலில் ஒரு கொத்து போதும், அதிகம் போட்டால் மருந்து வாடை அடிக்கும். முடி விஷயம்: 2015இல் வெளியான ஈரானிய ஆய்வொன்றில் 100 பேரை இரு பிரிவாக்கி, ரோஸ்மேரி எண்ணெயையும், முடி உதிர்வுக்குத் தடவும் மருந்தான மினாக்ஸிடிலின் 2 சதவீதக் கரைசலையும் ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மருந்தே தடவாத பிரிவு அதில் இல்லை, சோதித்ததும் எண்ணெயைத்தான், இலையைக் கொதிக்கவைத்த தண்ணீரை அல்ல.

சென்னை, மதுரைக்காரர்கள் ஆசைப்பட்டால் தொட்டியில் முயலலாம், செடி நீண்டகாலம் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஜனவரியில் வாங்குங்கள். ஏப்ரல், மே மதிய வெயிலுக்கு நிழல்வலை கட்டுங்கள். ஆகஸ்டிலேயே இரண்டு மூன்று குச்சிகளை வேர்விட வைத்து, அக்டோபர் மழைக்கு முன் கூரைக்குக் கீழே நகர்த்திவிட்டால் தாய்ச்செடி போனாலும் அடுத்த ஆண்டுக்குக் கன்று கையிலிருக்கும்.