ஆடும் தோணியிலிருந்து ஆழம் அளத்தல்

குருநகர்க் கரையோரக் களப்பில், ஆடும் தோணியில் நின்று ஒருவர் கோலை ஊன்றி ஆழம் பார்க்கிறார் என வைத்துக்கொள்வோம். அலை எழும்போது கோலில் ஓர் அளவு; தாழும்போது வேறோர் அளவு. எது மெய்? பலமுறை அளந்து சராசரி காண்பதே நாம் அறிந்த உபாயம். நூறு முறை அளந்தால் பிழை நூறில் ஒரு பங்காகுமோ? அன்று, பத்தில் ஒரு பங்காகவே குறையும். அளவைகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு, அதன்படியே பிழை இறங்கும் என்பது கணிதம்.

ஒளியையே கோலாகக் கொள்ளும் விஞ்ஞானிகளுக்கும் இவ்விடர் உண்டு. ஒளி, போட்டன் எனும் துணிக்கைகளாய் மழைத்துளி போல ஒழுங்கின்றி விழுகிறது. காற்றையும் அதிர்வையும் தடுக்கலாம். இந்தச் சலனமோ இயற்கையின் விதி. அதை ஒழிக்க முடியாது. இடம் மாற்ற முடியும். மாவுருண்டையை ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் பிதுங்குமன்றோ? அவ்வாறே, ஒளியலையின் முகடு வந்து சேரும் வேளையிலுள்ள தடுமாற்றத்தை அமுக்கி, அதன் வீச்சில் பிதுங்க விடுகிறார்கள். இதுவே ‘அமுக்கிய ஒளி’.

பழைய பௌதிகத்துக்கு அடங்காத இத்தகைய ஒளியை இனங்காணும் கணிதத்தை 1963-இல் வகுத்தோருள் ஒருவர், தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற ஈ. சி. ஜி. சுதர்சன் என்பது நமக்குப் பெருமை.

அமெரிக்காவின் லைகோ ஆய்வுக்கூடத்தின் கைகள் 4 கிலோமீற்றர் நீளமானவை. 2015 செப்டெம்பர் 14-இல், கருந்துளைகள் இரண்டு மோதியெழுந்த ஈர்ப்பலை அங்கே பதிவாயிற்று. அப்போது அந்நீளம் மாறியதோ, புரோத்தனின் விட்டத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு! 2019 ஏப்ரலில் தொடங்கிய அவதானிப்பில் அமுக்கிய ஒளி சேர்க்கப்பட்டது. கண்டறியத்தக்க நிகழ்வுகள் 40 முதல் 50 சதவீதம் கூடுமெனக் கணித்தனர்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. துணிக்கைகளை ஒன்றோடொன்று பிணைத்தால், நூறு துணிக்கைகளால் பிழையை நூறில் ஒரு பங்காக்கலாம் என்கிறது ஏட்டுக் கணக்கு. ஆனால், வழியில் சிறிது ஒளி வீணானாலும் அப்பிணைப்புக் குலைகிறது. துணிக்கைகள் பெருகப் பெருகப் பழைய வர்க்கமூல விதியே மேலோங்குகிறது. 2011-ஆம் ஆண்டளவில் இவ்வெல்லை தெளிவாக நிறுவப்பட்டது. ஆகவே, ஆடியை மாசறத் துலக்கி ஒளி வீணாகாது காப்பதும் புதிய தத்துவத்துக்கு ஈடான பணியே.

இந்தியாவிலும், மகாராஷ்டிர மாநிலத்து இங்கோலி மாவட்டத்தில், இத்தகைய கூடமொன்றுக்கு 2023 ஏப்ரலில் அரசு அனுமதி கிடைத்தது. அதற்குத் தேர்ந்த கைகள் பல வேண்டும். அளவையில் பிழை கண்டதும் மனம் சோரும் மாணவரை நாம் ஆய்வுகூடத்தில் நாளும் காண்கிறோம். அலை ஓயட்டும் எனக் காத்திருப்பவர் ஆழம் அறியார். அலையின் போக்கை அறிந்தவரே அறிவர்.