மலரும்போது பிறக்கும் மணம்

மும்பையின் மாட்டுங்காவிலும், தில்லியில் தமிழர் மிகுந்து வாழும் பகுதிகளிலும் மதுரை மல்லிகை விற்கப்படுகிறது. தென்கோடியிலிருந்து பனிக்கட்டியோடு பெட்டியில் அடைக்கப்பட்டு வரும் அம்மொட்டுகளை வாங்கியவுடன் முகர்ந்து பார்ப்பவர்கள் சற்றே ஏமாற்றம் அடைவர். பச்சை இலையைக் கசக்கினாற்போன்ற மெல்லிய வாசனையன்றி வேறொன்றும் பெரிதாகத் தோன்றாது. அதே மொட்டுகளைச் சரமாகத் தொடுத்து வைத்தால், இருட்டிய பின்னர் வீடு முழுவதும் மணக்கும். அந்த மணம் பகலில் எங்கே இருந்தது?

புட்டிக்குள் அத்தர் அடைபட்டிருப்பதுபோல மொட்டுக்குள் மணம் அடைபட்டிருந்தது எனப் பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. மல்லிகையின் மணத்தில் பெரும்பகுதி, மொட்டு விரியும் அந்தச் சில மணி நேரத்தில்தான் உருவாகிறது.

மணம் என்பது காற்றில் பரவி வந்து மூக்கைத் தொடும் மூலக்கூறுகளே. அவை எளிதில் ஆவியாகும் அளவுக்குச் சிறியவையாக இருத்தல் வேண்டும். சர்க்கரைக்கு மணம் இல்லாமைக்குக் காரணம், அதன் மூலக்கூறுகள் அறை வெப்பநிலையில் ஆவியாகி எழுவதில்லை என்பதே. மல்லிகையின் மணம் ஒரே பொருளால் ஆனதன்று. லினலூல், பென்சைல் அசிட்டேட், ஃபார்னசீன், மெத்தில் ஆந்த்ரனிலேட், இன்டோல் எனப் பல சேர்மங்களின் கூட்டு அது. இவற்றுள் லினலூல் நம் சமையலறைக்கும் பழக்கமானது. மல்லித்தூளின் மணத்துக்கு முதன்மைக் காரணம் அதுவே. கொத்தமல்லிக்கும் மல்லிகைக்கும் செடி வகையால் உறவில்லை. பெயரோடு மணப்பொருளும் ஒத்திருப்பது இனியதொரு தற்செயல்.

மொட்டு இளமையாக இருக்கும்போதே செடி இச்சேர்மங்களுள் சிலவற்றைச் சர்க்கரை மூலக்கூறுடன் பிணைத்துச் சேமித்து வைக்கிறது. சர்க்கரையோடு பிணைந்த லினலூல் கனமானது; அது பறக்காது, மணக்காது. மொட்டு விரியும் வேளையில் இதழ்களில் உள்ள நொதிகள் அப்பிணைப்பை அறுக்கின்றன. விடுபட்ட லினலூல் காற்றில் கலக்கிறது. அதே நேரத்தில் வேறு நொதிகள் புதிய மணச்சேர்மங்களை ஆக்கத் தொடங்குகின்றன. பூ ஒரு சிறிய ஆலைபோல இரவு முழுவதும் இயங்குகிறது எனலாம்.

தமிழில் பூவின் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பெயர் உண்டு. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ எனச் சொற்கள் வரிசையாக நிற்கின்றன. பிற மொழிக்காரர் இதனை வெறும் சொல்வளம் என்று கருதக்கூடும். ஆயினும் பூ வணிகருக்கு இப்பருவ வேறுபாடே பிழைப்பு. அன்று மாலையில் விரியக்கூடிய முதிர்ந்த வெண்மொட்டையே அவர்கள் விடியற்காலையில் பறிக்கின்றனர். முதிராத மொட்டைப் பறித்தால் அது விரியாமலே வாடும், மணமும் பிறக்காது. விரிந்த பூவைப் பறித்தால் தில்லி வந்து சேர்வதற்குள் மணம் செலவாகிவிடும். பெட்டியில் பனிக்கட்டி வைப்பதன் காரணமும் இதனால் விளங்கும். குளிர்ச்சியில் நொதிகள் மிக மெதுவாகவே வேலை செய்யும். பனிக்கட்டி மணத்தைப் பாதுகாக்கவில்லை. மணம் பிறக்கும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறது. இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பிடி மொட்டுகளை இரண்டாகப் பங்கிட்டு, ஒரு பங்கைக் குளிர்பதனப் பெட்டியிலும் மற்றொன்றை வெளியிலும் வைத்து, மாலை 4 மணிக்கும் 7 மணிக்கும் 10 மணிக்கும் முகர்ந்து, வேறுபாட்டைக் குறிப்பேட்டில் எழுதுக.

மேற்கூறிய பட்டியலில் இன்டோல் என்னும் பெயர் தனியே நின்று பார்க்கத்தக்கது. மனிதக் குடலில் வாழும் நுண்ணுயிரிகள் புரதத்தைச் சிதைக்கும்போதும் இன்டோல் உண்டாகிறது. மலத்தின் கெட்ட வாடைக்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் பொருளேதான் மல்லிகையிலும் உள்ளது! மிகச் சிறிய அளவில், பிற சேர்மங்களோடு கலந்திருக்கும்போது, அது மல்லிகைக்குரிய அடர்ந்த இனிமையைத் தருகிறது. அதனை நீக்கிவிட்டால் மீதமுள்ள கலவை வெறும் சோப்பு வாசனையாகத் தோன்றும் என்பர் மணப்பொருள் வல்லுநர். பண்டைத் தமிழில் ‘நாற்றம்’ என்னும் சொல் நறுமணத்தையும் குறித்தது. இன்றோ அதே சொல் கெட்ட வாடைக்கு ஆகிவிட்டது. இன்டோலைப் பொறுத்தவரை சொல்லின் இரு பொருளும் சரியே.

ரோஜாவின் வழி வேறு. அது பகலில் மணப்பது. வெயில் ஏற ஏற மணம் குறைவது. எனவே உத்தரப்பிரதேசத்தின் கன்னோசியில் அத்தர் வடிப்போர், விடியற்காலையில் பறித்த ரோஜாவை உடனே செப்புக் கொப்பரையில் நீருடன் இட்டுக் காய்ச்சுகின்றனர். ‘தேக்’ எனப்படும் அக்கொப்பரையிலிருந்து எழும் ஆவி, மூங்கில் குழாய் வழியாக ‘பப்கா’ என்னும் பாத்திரத்துள் சென்று, அங்குள்ள சந்தன எண்ணெயில் மணத்தை விட்டுச் செல்கிறது. ரோஜா மணத்தின் ஒரு முக்கியக் கூறு ஃபினைல் எத்தில் ஆல்கஹால். அது ஓரளவு நீரில் கரையும். எனவேதான் பன்னீர் மணக்கிறது. ஃபினைல் அலனின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து ரோஜாச் செடி இதனை உருவாக்குகிறது. நாம் உண்ணும் பருப்பிலும் பாலிலும் உள்ள அமினோ அமிலமே அது. ரோஜாவின் இம்மூலக்கூறில் ஓர் ஐதரசன் அணுவை நீக்கி, அவ்விடத்தில் ஒரு மெத்தில் தொகுதியை வைத்தால், மணம் ரோஜாவை விட்டு விலகித் தாழம்பூவுக்குச் சென்றுவிடும். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் வடிக்கப்படும் தாழம்பூ எண்ணெயில் பெரும்பங்கு இப்பொருளே. இத்துணைச் சிறிய மாற்றத்தை நம் மூக்கு கண்டறிவது வியப்பன்றோ!

பறித்த பின்னரும் மணத்தை ஆக்கிக்கொண்டே இருப்பது மல்லிகையின் சிறப்பு. வட இந்தியாவில் ரஜனிகந்தா எனப்படும் நிலச்சம்பங்கிக்கும் இச்சிறப்பு உண்டு. இதனை வேதியியல் தோன்றுமுன்பே மக்கள் அறிந்திருந்தனர். எள்ளையும் மல்லிகை வகைப் பூக்களையும் அடுக்கடுக்காகப் பரப்பி வைப்பர். பூக்கள் வெளியிடும் மணம் எள்ளின் எண்ணெயில் கரைந்து தங்கும். வாடிய பூக்களை அகற்றிப் புதுப்பூக்களை இடுவர். இவ்வாறு பலமுறை செய்தபின் அந்த எள்ளை ஆட்டினால் மணக்கும் எண்ணெய் கிடைக்கும். வட இந்தியர் அதனைப் ‘புலேல்’ என்பர். பிரான்சின் கிராஸ் நகரத்தார் இதே வேலையை எள்ளுக்குப் பதிலாகக் கொழுப்பைக் கொண்டு செய்தனர்.

பூங்கொத்துக் கடைகளில் நிற்கும் நெடுந்தண்டு ரோஜாக்களுள் பல ஏன் மணப்பதில்லை? நீண்ட நாள் வாடாமை, நிறம், தொலைதூரப் பயணத்தைத் தாங்கும் உறுதி ஆகியவற்றையே நோக்கமாகக் கொண்டு அவை தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. மணத்தைக் காக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை; அது நழுவிப் போயிற்று. 2015-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள், ரோஜாவில் ஜெரானியால் என்னும் மணப்பொருள் உருவாகத் துணைசெய்யும் ஒரு நொதியைக் கண்டறிந்து வெளியிட்டனர். மணமுள்ள ரோஜாக்களில் அந்நொதிக்குரிய மரபணு முனைப்பாக இயங்குகிறது. மணமற்றவற்றில் ஏறக்குறைய உறங்கிக் கிடக்கிறது. இழந்த மணத்தை மீட்க முயல்வோருக்கு இக்கண்டுபிடிப்பு ஒரு வழிகாட்டி.

பூ மணப்பது மனிதருக்காக அன்று என்பது யாவரும் அறிந்ததே. இரவில் விரியும் வெண்ணிறப் பூக்கள் பலவும் அந்துப்பூச்சிகளை அழைக்கவே மணக்கின்றன. பூச்சி வந்தால் மகரந்தம் பரவும், விதை உண்டாகும். ஆனால் நாம் சூடும் அடுக்குமல்லி பெரும்பாலும் விதை தருவதில்லை. உழவர்கள் தண்டை வெட்டி வேர்விடச் செய்தோ பதியன் போட்டோதான் அதனைப் பெருக்குகின்றனர். பூச்சியின் உதவி அதற்கு இனித் தேவையில்லை. ஆயினும் மதுரைத் தோட்டத்திலிருந்து பிரிந்து, பனிக்கட்டிப் பெட்டியில் நாட்டின் மறுமுனைக்கு வந்த மொட்டும், அந்துப்பூச்சிகள் பறக்கும் அந்த வேளையிலேயே இதழ் விரித்து மணக்கத் தொடங்குகிறது.