நெய்யாற்றங்கரை எல்லையூர்கள்

பிழைப்பை முன்னிட்டுத் தில்லி, மும்பை, கல்கத்தா முதலிய நகரங்களில் குடியேறியுள்ள தமிழர்கள், விடுமுறைக் காலத்தில் தென்கோடிக்குச் சென்று வருவது வழக்கம். அவர்களில் பெரும்பாலோர் திருவனந்தபுரத்தில் அனந்தபத்மநாபனைத் தொழுதபின், அடுத்த ரயிலிலேயே கன்னியாகுமரிக்குச் சென்று, கடலாடி ஊர் திரும்புகின்றனர். இவ்விரண்டு தலங்களுக்கும் இடைப்பட்ட நாடு, ஜன்னல் வழியே ஓடி மறையும் தென்னந்தோப்பாகவும் வாழைத் தோட்டமாகவுமே அவர்கள் நினைவில் நின்றுவிடுகிறது. ஆனால், பிறமொழி வழங்கும் நிலத்தில் தமிழர் எவ்வாறு வேரூன்றி வாழ்ந்தனர் என்பதையும், அவ்வேர் எந்த அளவுக்கு நிலைத்திருக்கிறது என்பதையும் அறிய விரும்புவோர்க்கு, அந்த இடைவழியைவிடச் சிறந்த பாடப்புத்தகம் வேறில்லை. ஆகவே அங்குள்ள சில ஊர்களை நேயர்களுக்கு அறிமுகப்படுத்த விழைகிறோம்.

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றங்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. பாறசாலையைத் தாண்டி இஞ்சிவிளையைக் கடந்தால், களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. தனுவச்சபுரம் இச்சாலையை விட்டுச் சற்று உள்ளடங்கிய சிற்றூர். நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குச் செல்லும் ரயில் பாதை 1979-இல் திறக்கப்பட்டது. அப்பாதையில் அமரவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே தனுவச்சபுரத்துக்கும் ஒரு சிறு நிலையம் உண்டு. விரைவு ரயில்கள் அதனைப் பொருட்படுத்துவதில்லை. சாதாரண வண்டியில் வருவோரே அங்கு இறங்க முடியும்.

இவ்வூரில் 1964-இல் நிறுவப்பெற்ற கல்லூரி ஒன்று வேலுத்தம்பியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. திருவிதாங்கூரின் திவானாக இருந்து, ஆங்கிலேயரை எதிர்த்து, 1809-இல் உயிர்நீத்த வேலுத்தம்பி பிறந்த தலக்குளமோ இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. பிறந்த ஊர் ஒரு மாநிலத்தில். பெயர் தாங்கும் கல்லூரி மற்றொரு மாநிலத்தில். இந்நிலப்பகுதியின் இயல்பு முழுவதையும் இந்த ஓர் உதாரணமே விளக்கிவிடுகிறது எனலாம்.

எல்லைக்கோடு தோன்றிய வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நினைவுகூர்தல் தகும். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தியமைக்கப்பட்டன. அதற்குமுன் குமரி முனைவரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் பரவியிருந்தது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டம் என்ற பெயருடன் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. செங்கோட்டைப் பகுதியும் அவ்வாறே வந்து சேர்ந்தது. நேசமணி அவர்களின் தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டமும், 1954-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் மாண்டோர் சிந்திய இரத்தமும் இம்முடிவுக்குப் பின்னே உள்ளன. நெய்யாற்றங்கரைத் தாலுகாவும் அவ்வியக்கத்தின் கோரிக்கையில் இடம்பெற்றிருந்தது. எனினும் அது கேரளத்திலேயே நின்றது. இருபுறத்திலும் சிறுபான்மையோர் தங்கினர். அவர்களுடைய குழந்தைகள் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி பெறுவதற்கான வசதிகளைச் செய்து தரவேண்டுமென்று, அதே ஆண்டில் நிறைவேறிய ஏழாவது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தில் 350-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் அனைவரும் அறிந்திருக்கவேண்டிய பிரிவு இது.

கோடு புதியது, நாடு பழையது. ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இப்பகுதி ஆய் மன்னர்களின் ஆட்சியில் இருந்தது. அவர்களுடைய துறைமுகமாக விளங்கிய விழிஞத்தில், எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் குடைவரைக் கோயில் ஒன்று உள்ளது. ஒற்றைப் பாறையில் குடைந்த சிறிய அறை. வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தியின் உருவம். அளவில் சிறிதாயினும், காண்போர் மனத்தைக் கவரும் வேலைப்பாடு. அதே விழிஞத்தில் 2025-இல் மாபெரும் புதிய துறைமுகம் திறக்கப்பட்டிருப்பதால், பழையதையும் புதியதையும் ஒருங்கே காணும் வாய்ப்பு இன்று உண்டு.

எல்லைக்கு அப்பால், முன்சிறைக்கு அருகே உள்ளது பார்த்திவபுரம். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-இல் இங்கே ஒரு விண்ணகரம் எடுத்து, அதனுடன் பார்த்திவசேகரபுரம் என்னும் சாலையையும் நிறுவினான். இங்குச் ‘சாலை’ என்பது வழியைக் குறிப்பதன்று. உண்டும் உறைந்தும் கற்கும் கல்விச்சாலையைக் குறிப்பது. அதில் 95 மாணவர்க்கு இடம் வகுக்கப்பட்டிருந்தது. சேர விரும்புவோர் இலக்கணமும் வைதிகக் கல்வியும் அறிந்திருத்தல் வேண்டும். அவற்றுடன் மூன்று அரசுகளின் நடைமுறைகளையும் தெரிந்திருத்தல் வேண்டும் என்று செப்பேடு விதிக்கிறது. சேர, சோழ, பாண்டிய நாடுகளையே இத்தொடர் குறிக்கிறது என்பர். இச்செப்பேட்டை ஆராய்ந்து வெளியிட்டவர் திருவிதாங்கூர்த் தொல்பொருள் துறையின் கோபிநாத ராவ் ஆவார். எல்லைப்புறத்தில் வாழ்பவன் தன் வீட்டு வழக்கோடு அயல்வீட்டு வழக்கையும் அறிந்திருக்க வேண்டும் என்னும் உண்மையை, அம்மன்னன் பாடத்திட்டத்திலேயே சேர்த்துவிட்டான்! பல மொழியினரிடையே வாழும் நமக்கும் அவ்விதி பொருந்தாமற் போகுமோ?

மார்த்தாண்டத்துக்கு வடக்கே சுமார் 7 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிதறால் குன்றும் காணத்தக்கது. கல்வெட்டுகள் இதனைத் திருச்சாரணத்துமலை என்று கூறும். தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சமணப் பள்ளியாக இருந்த இவ்விடம் பிற்காலத்தில் பகவதி கோயிலாயிற்று. ஆயினும் பழைய உருவங்கள் அழிக்கப்படவில்லை.

இனி, நெய்யாற்றங்கரைக்கு வருவோம். இங்குள்ள கிருஷ்ணசுவாமி கோயில், 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மனால் கட்டப்பெற்றது. பட்டம் ஏறுவதற்கு முன் பகைவரால் துரத்தப்பட்ட அவர், ஒரு பலாமரப் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பதும், அவ்வாறு ஒளியச் சொன்ன சிறுவன் கண்ணபிரானே என்பதும் கர்ணபரம்பரைச் செய்தி. ‘அம்மச்சிப் பிலாவு’ என்று வழங்கும் அம்மரத்தின் பட்டுப்போன அடிமரம் கோயில் வளாகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. திருவிதாங்கூர் அரசை எழுத்தால் எதிர்த்து 1910-இல் நாடு கடத்தப்பட்ட பத்திரிகையாசிரியர் ‘சுதேசாபிமானி’ ராமகிருஷ்ண பிள்ளை பிறந்த ஊரும் இதுவே. காந்தியடிகளின் தொண்டர் ஜி. ராமச்சந்திரனும் இவ்வூரினரே. அவர் டி. வி. சுந்தரம் அய்யங்காரின் புதல்வியான டாக்டர் சௌந்தரத்தை மணந்து, இருவரும் 1947-இல் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினர். நெய்யாற்றங்கரை தமிழகத்துக்கு அளித்த நன்கொடை அது.

நெய்யாற்றின் கரையிலேயே உள்ள அருவிப்புறத்தில், 1888-ஆம் ஆண்டு சிவராத்திரியன்று நாராயண குரு ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். அவ்வுரிமை ஒரு சாராருக்கே உரியதென்று கருதப்பட்ட காலம் அது. சாதி வேற்றுமையும் சமயப் பகையும் இன்றி யாவரும் உடன்பிறந்தாராய் வாழும் முன்மாதிரி இடம் இது என்னும் கருத்தை அவர் அங்கே பொறித்து வைத்தார். குமரிக்கு அருகிலுள்ள மருத்துவாழ்மலையில் தவமிருந்த அப்பெரியார் தமிழிலும் பதிகங்கள் இயற்றியவர் என்பதை நம்மவருள் பலர் அறியார்.

இவ்வூர்கள் அனைத்தையும் ஒன்றாக இணைக்கும் நிகழ்ச்சி நவராத்திரி ஊர்வலமாகும். ஆண்டுதோறும் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரசுவதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள்கின்றனர். இச்சரசுவதி கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது மரபு. குழித்துறையில் ஓரிரவும் நெய்யாற்றங்கரையில் ஓரிரவும் தங்கல். களியக்காவிளையில் இரு மாநிலக் காவலரும் அணிவகுத்து மரியாதை செலுத்த, தமிழ்நாட்டு அதிகாரிகள் விடைகொடுக்க, கேரள அதிகாரிகள் வரவேற்கின்றனர். பத்மநாபபுரம் அரண்மனையோ, தமிழ்நாட்டில் இருந்தும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது. பகைமைக்குக் காரணமாகியிருக்கக்கூடிய ஒரு கோடு, இங்கே வரவேற்பு வளைவு கட்டும் இடமாகிவிட்டது.

ஊர்வலத்தின் முடிவில் சரசுவதி வீற்றிருப்பது திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபம். அம்மண்டபத்தில் நெடுங்காலம் ஆடவர் மட்டுமே பாடினர். அவ்வழக்கம் 2006-இல் மாறியது. முதன்முதலாக அங்குப் பாடிய பெண்மணி, ஊர்வலம் கடந்து செல்லும் இதே பாறசாலையில் 1924-இல் பிறந்த பாறசாலை பொன்னம்மாள் ஆவார். எண்பது வயதைக் கடந்தபின் அவருக்குக் கிடைத்த மேடை அது. 2017-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2021-இல் அவர் மறைந்தார். கலைமகளின் திருமுன் ஒரு பெண் பாடுவதற்கு இத்தனை காலம் ஆயிற்றே என்ற வருத்தமும், பாடினவர் நம் எல்லையூர்க்காரர் என்ற மகிழ்ச்சியும் ஒருங்கே எழுகின்றன.

கோயிலும் கல்வெட்டும் ஒருபுறமிருக்க, ஓர் ஊரின் உள்ளத்தை அறிய அதன் கடைவீதியில் நடப்பதே சிறந்த வழி. தனுவச்சபுரம், பாறசாலை வட்டாரத்தில் பெரிய அங்காடிகள் இல்லை. வெற்றிலை, பாக்கு, சோடா, பழக்குலை ஆகியவற்றுடன் விளங்கும் முறுக்கான் கடையே ஊரின் செய்தி நிலையம். செவ்வாழை, மட்டி, ஏத்தன், ரசகதலி எனக் குலைகள் தொங்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற குமரி மாவட்டத்து மட்டிப்பழம், எல்லை பாராமல் இருபுறமும் விற்கிறது. ‘ஏத்தன்’ என்றாலும் ‘சக்கை’ என்றாலும் ‘பைய’ என்றாலும் இருமொழியாளர்க்கும் விளங்கும். வருபவரின் முதற் சொல்லைக் கேட்டே எந்த மொழியில் பேசுவது என்று தீர்மானிக்கும் கடைக்காரர்கள் இங்கு ஏராளம். காலையில் தேநீர்க் கடையில் புட்டும் பயறும் பப்படமும்; மாலையில் கருப்பட்டிக் காப்பி. அண்ணாச்சி என்றழைத்தாலும் சேட்டா என்றழைத்தாலும் முகம் மலரும். வழி கேட்டால், கல்லாவை விட்டு எழுந்து வந்து தெருமுனைவரை காட்டிக்கொடுக்கும் பண்பு இன்னும் மறையவில்லை.

இத்தொழில்களுள் நம் சிறப்புக் கவனத்துக்கு உரியது பாலராமபுரத்துக் கைத்தறி. 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மன் காலத்தில், தமிழ்நாட்டுச் சாலியர் குடும்பங்கள் இங்கு அழைத்து வரப்பட்டுக் குடியமர்த்தப்பட்டன. மன்னர் பெயரே ஊர்ப்பெயராயிற்று. சாலியர் தெரு இன்றும் உண்டு. பருத்தி நூலுக்குக் கஞ்சி போட்டு, விடியற்காலையில் தெரு நெடுகப் பாவை விரித்து, தூரிகையால் நீவி உலர்த்துவர். பின்னர்க் குழித்தறியில் அமர்ந்து, நாடாவைக் கையாலேயே எறிந்து வாங்கி நெய்வர். வெளுக்காத நூலின் இயற்கை நிறமும், கரையில் சரிகையும் இதன் அடையாளம். முன்புறம் எது, பின்புறம் எது என்று பிரித்தறிய இயலாதபடி இருபக்கமும் ஒன்றுபோல் விளங்குவது இதன் பெருமை. கேரளப் பெண்டிர் விழா நாளில் அணியும் முண்டும் நேரியதும், இங்ஙனம் தமிழ்நாட்டிலிருந்து குடியேறியவர் மரபில் வளர்ந்த கைவண்ணமே.

இத்தொழில் இன்று நெருக்கடியில் இருக்கிறது. விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் மலிவாக விற்கிறது. நாட்கணக்கில் தறியில் அமர்ந்தாலும் கூலி கட்டுப்படியாகாமையால், இளைஞர் வேறு வேலை நாடுகின்றனர். இரு நூற்றாண்டுகளாக அயல்நாட்டில் வேர்விட்ட ஒரு தமிழ்க்குடியின் கலை, போர் எதுவும் இன்றி, வாங்குவோரின் அறியாமையினாலேயே மெலிந்துபோகும் அபாயம் உள்ளது. துணியின் இருபுறத்தையும் திருப்பிப் பார்த்து, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாகவோ, நெசவாளர் இல்லத்திலேயோ வாங்குவது நம்மால் இயன்ற உதவியாகும்.

எல்லையில் எல்லாம் இனிமையே என்று கூறுவதும் பொருந்தாது. நெய்யாற்றில் 1958-இல் அணை கட்டப்பட்டது. அதன் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டில் 9,200 ஏக்கருக்குப் பாசனம் அளிப்பதாக இருந்தது. 2004 முதல் தமிழ்நாட்டுப் பகுதிக்கு நீர் விடுவது நின்றது. 2012-இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. தெய்வத் திருவுருவங்கள் மரியாதையுடன் கடக்கும் எல்லையை ஆற்றுநீர் கடக்க இயலாதிருப்பது சிந்திக்கத்தக்கது. கடைவீதியில் நாள்தோறும் நிகழும் கொடுக்கல் வாங்கலில் உள்ள நல்லெண்ணம், அரசுகளின் மேசையிலும் அமருமாயின் இதற்கும் தீர்வு பிறக்கும்.

நேயர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. அடுத்த விடுமுறையில் இரண்டு நாட்களை இவ்வூர்களுக்கென ஒதுக்குங்கள். முதல் நாள் விழிஞம், பாலராமபுரம், நெய்யாற்றங்கரை, அருவிப்புறம். மறுநாள் சாதாரண ரயிலில் தனுவச்சபுரம், பாறசாலை. பின்னர்ப் பேருந்தில் களியக்காவிளை வழியாகப் பார்த்திவபுரமும் சிதறாலும். குழந்தைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். கல்வெட்டில் உள்ள தமிழ் எழுத்தையும், கடைப்பலகையில் உள்ள மலையாள எழுத்தையும் அருகருகே காட்டுங்கள். ஒரு மொழியை நேசிப்பதற்கு மற்றொரு மொழியை வெறுக்க வேண்டுவதில்லை என்பதை அவர்கள் அங்கே தாமாகவே உணர்ந்துகொள்வார்கள்.