வால்நட்சத்திரம் தோன்றினால் அச்சம் வேண்டாம், அண்ணாந்து பாருங்கள்



2024 அக்டோபரில் மஃரிப் தொழுதபின் மொட்டை மாடிக்குச் சென்றால் ஓர் அரிய காட்சியைக் காண முடிந்தது. சூச்சின்ஷான்-அட்லஸ் என்ற வால்நட்சத்திரம் மேற்கு வானில் தெரிந்தது. 2023இல் கண்டறியப்பட்ட இது, 2024 செப்டம்பர் 27 அன்று சூரியனை நெருங்கிச் சுற்றிவிட்டு விலகிச் சென்றது. அக்டோபர் 12 அன்று பூமிக்கு மிக அருகில் வந்தது. அந்த 'அருகில்' என்பதே ஏறத்தாழ 7 கோடி கிலோமீட்டர்!

எங்கே தெரிந்தது?

14ஆம் தேதி முதல், சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்து கிப்லாவை நோக்கி நின்று பார்க்க முடிந்தது. இடப்பக்கம், தென்மேற்கில் பளிச்சென்று மின்னியது வெள்ளிக் கோள். கிப்லா திசைக்கும் வெள்ளிக்கும் நடுவே புகைக்கீற்றுபோல் மேல்நோக்கி நீண்டிருந்ததுதான் வால்நட்சத்திரம். நாளுக்கு நாள் மேலே ஏறியது, ஒளியும் குறைந்தது. 17ஆம் தேதி பௌர்ணமி என்பதால் அதையொட்டிய நாட்களில் நிலவொளி இடையூறு செய்தது. 20ஆம் தேதிக்குப் பின் முன்னிரவு இருட்டாக இருந்தது. ஆனால் பைனாகுலர் தேவைப்பட்டிருக்கலாம்.

மற்ற கோள்களும் அப்போது தெரிந்தன. இஷா நேரத்தில் தென்கிழக்கில் சனி இருந்தது. 14ஆம் தேதி இரவு நிலாவை ஒட்டியே தெரிந்தது. இரவு பத்தரை மணிக்குக் கிழக்கில் வியாழன் தெரிந்தது. தஹஜ்ஜுத்துக்கு எழுந்தவர்களால் செந்நிறச் செவ்வாயைக் காண முடிந்தது.

வால் எப்படி வந்தது?

வால்நட்சத்திரம் நட்சத்திரமே அல்ல. பனியும் தூசும் கலந்த கட்டி. சூரிய வெப்பத்தில் பனி ஆவியாக, கிளம்பும் வாயுவும் தூசும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளப்பட்டு வாலாக நீள்கின்றன.

"வால்வெள்ளி தோன்றினால் நாட்டுக்கு ஆகாது, தலைவருக்கு ஆபத்து" என்ற பேச்சு நம் வீடுகளிலும் உண்டு. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் (ரலி) இறந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்தால்தான் கிரகணம் என்று மக்கள் பேசினர். யாருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அப்போதே நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். மகனை இழந்த துயரத்திலும் மூடநம்பிக்கைக்கு இடம் தரவில்லை.

ஹிஜ்ரி 223இல் (கி.பி. 838) கலீஃபா முஃதஸிம் அம்மூரியா நகரைக் கைப்பற்றினார். அது நடக்காது என்று சொல்லியிருந்த சோதிடர்களையும், மேற்கே தோன்றிய வால்நட்சத்திரத்தைக் காட்டி மக்களைப் பயமுறுத்தியவர்களையும் கவிஞர் அபூ தம்மாம் தம் கவிதையில் எள்ளி நகையாடினார். அரபு இலக்கியம் பயின்றோர் இன்றும் அதைப் படிக்கிறோம்.

வானத்தையும் பூமியையும் சிந்திக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. எனவே, வால்நட்சத்திரம் தோன்றினால் பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். வாப்பாவும் உம்மாவும் உம்மம்மாவுமாக மாடிக்குச் சென்று காட்டுங்கள். 2024இல் தெரிந்த அந்த வால்நட்சத்திரம் நம் வாழ்நாளில் மீண்டும் வராது.