நேரமில்லை என்னும் பெற்றோருக்கு

"உடற்பயிற்சியா? எங்களுக்கு ஏது நேரம்?" அடுப்படி, பள்ளி, அலுவலகம் என்று ஓடும் பெற்றோர் பலர் இவ்வாறு கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆயினும், உடலுழைப்புக்கெனத் தனி நேரம் ஒதுக்கியே தீரவேண்டும் என்பதில்லை.

இலண்டன் மாடிப் பேருந்துப் பணியாளரை ஆராய்ந்த மருத்துவர் ஜெரி மாரிஸ், 1953இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அமர்ந்தே பணிபுரிந்த ஓட்டுநரைவிட, நாள்முழுதும் படியேறி இறங்கிய நடத்துநரிடம் இதய நோய் குறைவாகவே காணப்பட்டது. அன்றாட வேலையே அவர்களுக்குப் பயிற்சியாயிற்று!

வயது வந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடமேனும் விரைந்து நடத்தல் போன்ற மிதமான உழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு முறையும் தொடர்ந்து 10 நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2020இல் அது நீக்கிவிட்டது. ஆகவே ஐந்து நிமிட நடையும் வீண்போவதில்லை.

வளரும் பிள்ளைகளுக்கோ நாள்தோறும் சராசரியாக 60 நிமிட ஓட்டமும் ஆட்டமும் தேவை. எனவே பெற்றோரே, பள்ளி அருகிலிருந்தால் பிள்ளைகளின் கைபிடித்து நடந்தே செல்லுங்கள். மாலையில் அவர்களோடு பந்தாடுங்கள். தண்ணீர்க் குடத்தைத் தந்தையும் சுமக்கட்டும். தாய்க்கும் சற்று உலாவ நேரம் கிடைக்கும். பிள்ளைகளுக்காக ஓடும் நீங்கள் நோயில் விழுந்தால், அவர்களுக்கு யார் துணை? உங்கள் உடல்நலமும் அவர்களுக்கு நீங்கள் சேர்த்துவைக்கும் செல்வமே.