முன்பாரம், பின்பாரம்

உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அன்பர் கடிதம் எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் டெக்ஸஸ் மாகாணத்தில் கட்டடத் தொழில் செய்யும் அவருடைய தம்பி அனுப்பிய புகைப்படமொன்றில், பிக்கப் வண்டி ஒன்று தனக்குப் பின்னே டிரெய்லரைப் பூட்டி, அதன்மேல் மண் தோண்டும் யந்திரத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறதாம். தன்னளவு கனமுள்ள ஒன்றை அந்த வண்டி எப்படி இழுக்கிறது, அதற்கு எத்தனை குதிரைசக்தி வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

குதிரைசக்தியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சக்கரத்தின்மேல் ஏறிவிட்ட பாரத்தைச் சமதரையில் இழுப்பது இன்றைய எஞ்சின்களுக்குப் பெரிய காரியமன்று. பின்னால் வருவது தன்னிச்சையாகத் திரியாமல் பார்த்துக்கொள்வதும், வேண்டிய இடத்தில் அதையும் சேர்த்து நிறுத்துவதுமே இதிலுள்ள வித்தை. அந்த வித்தையின் முதற்பாடத்தை நான் அமெரிக்காவில் கற்கவில்லை. சிறு வயதில், என் தாத்தாவின் களத்துமேட்டில், நெல்மூட்டை ஏற்ற வந்த பாரவண்டிக்காரர் ஒருவரிடம் கற்றேன்.

மூட்டைகளை அடுக்கி முடித்தபின், மாடுகளைப் பூட்டுவதற்கு முன்னால், அவர் நுகத்தடியின் கீழே இரு கைகளையும் கொடுத்து ஒருமுறை தூக்கிப் பார்ப்பார். சுலபமாக மேலெழுந்தால், ‘பின்பாரம்’ என்று சொல்லி இரண்டு மூட்டைகளை முன்னே தள்ளச் சொல்வார். தூக்கவே முடியாவிட்டால், ‘முன்பாரம் மிஞ்சிப் போச்சு’ என்று பின்னே நகர்த்தச் சொல்வார். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நசுங்கும். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலெழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். ஆகவே அச்சுக்குச் சற்று முன்னால், அளவோடு, பாரத்தின் ஒரு பங்கு நுகத்தடியில் தங்கவேண்டும். மாட்டின் இடத்தில் பிக்கப்பையும், நுகத்தடியின் இடத்தில் அதன் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் எஃகு உருண்டையையும் வைத்துப் பாருங்கள், விதி மாறவேயில்லை. டிரெய்லரின் முன்னே நீளும் தண்டை அந்நாட்டார் ‘நாக்கு’ என்கிறார்கள். அந்த நாக்கு எஃகு உருண்டையின்மேல் அழுத்தும் கனம், டிரெய்லரும் சரக்கும் சேர்ந்த மொத்த எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு இருக்கவேண்டும் என்பது அவர்கள் கைக்கொள்ளும் கணக்கு.

உத்தேசமாக 1,800 கிலோ எடையுள்ள சிறிய மண்தோண்டி யந்திரத்தை 700 கிலோ எடையுள்ள டிரெய்லரில் ஏற்றினால் மொத்தம் 2,500 கிலோ. நாக்கில் 250 முதல் 375 கிலோ வரை அழுத்தவேண்டும். உருண்டைக்கும் அச்சுக்கும் இடையே 4 மீட்டர் தூரம் இருக்கிற டிரெய்லரில், யந்திரம் சரியான இடத்தில் நிற்கும்போது 300 கிலோவுக்குச் சற்று மேல் அழுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே யந்திரத்தை ஒன்றரை முழம் பின்னே தள்ளி நிறுத்திவிட்டால், அந்த முன்பாரம் அனைத்தும் மறைந்து பூஜ்யமாகிவிடுகிறது! எடையில் ஒரு குண்டுமணி கூடவில்லை, குறையவில்லை. ஆயினும் முன்னது ஊர் போய்ச் சேரும் வண்டி. பின்னது வழியில் குடை சாயக் காத்திருக்கும் வண்டி.

மாட்டுவண்டி மெல்லப் போவது. பின்பாரத்தின் தண்டனையை அங்கே மாடு மட்டுமே அனுபவிக்கிறது. வேகம் வரும்போதுதான் அதன் பயங்கரம் முழுமையாகத் தெரிகிறது. கனத்தின் மையம் அச்சுக்குப் பின்னால் இருக்கிற டிரெய்லரைக் காற்றோ, கடந்து செல்லும் லாரியோ இலேசாக ஒரு பக்கம் தள்ளினால், அதன் வால் ஆடுகிறது. வால் ஒரு பக்கம் போக, நாக்கு எதிர்ப்பக்கம் போய்ப் பிக்கப்பின் பின்புறத்தை இழுக்கிறது. போதிய பாரம் அழுத்தாத பின்சக்கரங்கள் அந்த இழுப்பை எதிர்த்துத் தரையைப் பற்றமாட்டா. மெதுவாகப் போகையில் டயர்களின் உராய்வு இந்த ஆட்டத்தைத் தின்று அடக்கிவிடுகிறது. வேகம் கூடக்கூட அடக்கும் திறன் குறைந்து, ஒரு குறிப்பிட்ட வேகத்தைக் கடந்ததும், ஒவ்வோர் ஆட்டமும் முன்னதைவிடப் பெரிதாகிறது. ஓட்டுபவர் பதறிப்போய் ஸ்டியரிங்கைத் திருப்பினால், அவருடைய திருத்தம் ஒரு கணம் தாமதமாகவே வந்து சேர்வதால், அது ஆட்டத்தை அடக்குவதற்குப் பதில் வளர்க்கிறது. அப்போது செய்யத் தக்கது, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் அழுத்துவது. ஆடும் வாலைப் பின்னாலிருந்து ஒருவர் பிடித்து நேராக்குவதைப் போன்ற செயல் அது.

சென்ற ஆண்டு டெக்ஸஸில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, எதிர்வீட்டுக்காரர் இந்த முன்பாரத்தை அளந்த விதத்தைக் கண்டு அளவற்ற மகிழ்ச்சி அடைந்தேன். குளியலறையில் ஆள் நிறுக்கும் சாதாரணத் தராசை எடுத்து வந்தார். முந்நூறு கிலோவை அது தாங்காதல்லவா? ஆகையால் ஒரு பலமான மரச்சட்டத்தின் ஒரு முனையைத் தராசின் மேலும், மறுமுனையை ஓர் இரும்புக் குழாயின் மேலும் வைத்து, குழாயிலிருந்து ஓரடியும் தராசிலிருந்து இரண்டடியும் தள்ளிய இடத்தில் நாக்கை இறக்கினார். தராசில் விழுவது மூன்றில் ஒரு பங்கு. கண்ட எண்ணை மூன்றால் பெருக்கினால் விடை. பள்ளிக்கூடத்து நெம்புகோல் பாடம், ஒரு தொழிலாளியின் வீட்டு வாசலில், காலைவேளையில் உயிரோடு நின்றது. நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்த வண்டிக்காரரும் இவரும் ஒரே குருகுலத்து மாணாக்கர்கள் என்றே எனக்குத் தோன்றியது.

நிறுத்துவதைப் பற்றியும் சொல்லவேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி 90 கிலோமீட்டரில் போனால், வேகம் ஒன்றரை மடங்கு. ஆனால் பிரேக் விழுங்கவேண்டிய சக்தி இரண்டேகால் மடங்கு. பிக்கப்பின் பிரேக் தன் உடலை நிறுத்துவதற்கென்று அமைந்தது. தன்னளவு கனத்தைக் கூடுதலாக அதன் தலையில் கட்டுவது அநியாயம். அதனால் டிரெய்லருக்கென்று தனி மின்பிரேக் உண்டு. சக்கரத்தின் டிரம்முக்குள் இருக்கும் மின்காந்தத்துக்கு மின்சாரம் வந்ததும், அது சுழலும் டிரம்மை ஒட்டிப் பிடித்து, அதனாலேயே சற்று இழுத்துச் செல்லப்பட்டு, ஒரு நெம்பைத் தள்ளிப் பிரேக்கை அழுத்துகிறது. சக்கரத்தின் சுழற்சியே சக்கரத்தை நிறுத்தும் வேலைக்குத் துணை வருகிறது.

கொக்கியே கழன்றுவிட்டால்? நாக்கின் கீழே இரண்டு சங்கிலிகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாட்டியிருப்பார்கள். நாக்கு விழுந்தால், தரையில் குத்தாமல், அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும். சங்கிலியும் அறுந்துவிட்டால், பிக்கப்பில் கட்டிய மெல்லிய கம்பி ஒன்று டிரெய்லரிலுள்ள ஒரு முளையைப் பிடுங்கிவிடும். உடனே அங்கிருக்கும் சிறு பேட்டரி தானாகவே மின்பிரேக்கை அழுத்தி டிரெய்லரை நிறுத்தும். இந்தக் கம்பியைச் சங்கிலியிலேயே கட்டிவைப்பவர்கள் உண்டு. சங்கிலி போகும்போது கம்பியும் சேர்ந்து போகும் என்று அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. மேலே ஏற்றிய யந்திரத்தையும் நான்கு மூலைகளிலும் சங்கிலியால் இறுக்கி, தோண்டும் கையைத் தாழ்த்திக் கட்டவேண்டும். சரக்கு வண்டி ஓட்டுபவர் புறப்பட்ட 50 மைலுக்குள் இறங்கிக் கட்டுகளைச் சோதிக்கவேண்டும் என்பது அங்கே சட்டம்.

இதையெல்லாம் எழுதும்போது என் மனம் நம் ஊர்ச் சாலைகளுக்குத் திரும்பாமல் இல்லை. கொக்கியில் போடவேண்டிய பின்னுக்குப் பதில் கட்டடக் கம்பித் துண்டைச் செருகிய டிராக்டர்களையும், தனிப் பிரேக் இல்லாத டிரெய்லரில் கரும்பை மலையாக ஏற்றிப் பின்விளக்கும் தெரியாமல் இரவில் ஊர்ந்து செல்வதையும் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். வண்டிக்காரர் மாட்டின்மேல் வைத்த கருணையில் ஒரு பகுதியையாவது, பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிற மனிதர்மேல் நாம் வைக்கக் கூடாதா? ஒரு பின்னும், ஒரு சிவப்புப் பிரதிபலிப்பானும் பெரிய செலவல்ல.

உடுமலைப்பேட்டை அன்பருக்கு ஒரு வேண்டுகோள். சொன்ன சாதனங்கள் எல்லாவற்றிலும் அதிக அலட்சியத்துக்கு ஆளாவது அந்தச் சிறு பேட்டரிதான். ஆபத்து நேராதவரை யாருக்கும் அதன் நினைவே வருவதில்லை. தங்கள் தம்பிக்கு அடுத்த முறை எழுதும்போது, அதைக் கடைசியாக எப்போது சோதித்தார் என்று கேட்டு எழுதுங்கள்.