சினைமீன் செல்லும் காலம்

மண்டூர்த் துறையில் மாலை வேளையில் தூண்டிலிட்டு அமர்ந்திருத்தல் எனக்கு நெடுநாளைய வழக்கம். பிழைப்பின்பொருட்டு அன்று, பாடசாலை விட்டபின் மனம் ஆறுதற்பொருட்டே. சில ஆண்டுகளின் முன் ஒருநாள் என் தங்கூசியிற் பெரியதொரு கொடுவா அகப்பட்டது. கண்டோர் வியந்தனர், யானும் செருக்குற்றேன். வீட்டில் அதனை அரிந்தபோது வயிறு நிறையச் சினை இருந்தது. அயலிலுள்ள முதிய மீனவர் ஒருவர் அதனை நோக்கி, “ஐயா, கடல்வாய்க்கு வெளிக்கிட்ட தாயை மறிச்சுப் போட்டீங்களே!” என்றார். அச்சொல் இன்றும் என் நெஞ்சை விட்டகலவில்லை.

அவர் கூற்று எத்துணை உண்மையென்பதைப் பின்னரே கற்றறிந்தேன். கொடுவா, ஆற்றிலும் வாவியிலும் வளர்ந்து, முட்டையிடுதற்கு உவர்மிக்க கழிமுகத்தை நாடிச் செல்வது. பெரும்பாலும் முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழிந்து பெருத்தபின் பெண்ணாக மாறுவது. ஆதலின், பெரிய கொடுவாவைப் பிடித்தேன் என்று களிப்பவன் பெரும்பாலும் ஒரு தாயையே பிடித்தவனாகின்றான். அவளோடு அழிவன பல இலட்சம் முட்டைகள்.

இம்மீனை அவுஸ்திரேலியர் ‘பரமண்டி’ என்பர். அங்கே குயின்ஸ்லாந்தின் கிழக்குக் கரையில் நவம்பர் 1 நண்பகல் முதல் பெப்ரவரி 1 நண்பகல் வரை அதனைப் பிடித்தலாகாது. சில நீர்த்தேக்கங்களுக்கு மட்டுமே விலக்குண்டு. இத்தடை வலைஞருக்கு மட்டுமன்று. பொழுதுபோக்குக்காகத் தூண்டிலிடுவோருக்கும் உரியது. ஏனைய காலத்திலும் 58 செ.மீ.க்குக் குறைந்ததையும் 120 செ.மீ.க்கு மிகுந்ததையும் நீரிலேயே விட்டுவிடல் வேண்டும். முன்னது பிள்ளை, பின்னது தாய்.

தடைக்காலம் நம்மவர்க்குப் புதிதன்று. தமிழகத்துக் கிழக்குக் கரையில் இழுவைப்படகுகளுக்கு 2001இல் 45 நாளாகத் தொடங்கிய தடை, 2017 முதல் ஏப்ரல் 15 தொட்டு ஜூன் 14 வரை 61 நாளாயிற்று. இலங்கையிலும் 1996ஆம் ஆண்டின் கடற்றொழிற் சட்டம் இத்தகைய தடைக்கு இடந்தந்துள்ளது. சிங்கி இறாலைப் பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களிற் பிடித்தலாகாது.

ஒரு தூண்டிலால் என்ன குறைந்துவிடும் என்று சிலர் வினவலாம். சிறுதுளியே பெருவெள்ளம். மெக்சிக்கோ வளைகுடாவில், அமெரிக்க நடுவணரசுக்குட்பட்ட கடற்பரப்பில், தம் படகிற் சென்று செங்கண்ணிவகை மீனொன்றைத் தூண்டிலிடுவோருக்கு 2017இல் முதலில் அளிக்கப்பட்டவை மூன்றே நாள்கள்! மனக்குறை பெருகியதாற் பின்னர் 39 நாள்கள் கூட்டப்பட்டன. ஒவ்வொருவர் கையிலும் உள்ளது ஒரு தூண்டிலே, கைகளோ எண்ணிறந்தன.

வலைஞருக்குத் தடைக்காலம் என்பது அடுப்பெரியாத காலம். அவர்க்கு மாற்று வாழ்வு காட்டாது தடை மட்டும் விதித்தல் அறமாகாது. எம்போன்றோர் இழப்பதோ ஒரு மாலைப்பொழுதின் இன்பமே. ஆதலின் முதலிற் கையை மடக்க வேண்டியவர் யாமே. படுவான்கரை உழவர் எவரும் குடலைப்பருவத்துப் பயிரை அறுப்பதில்லை. விதைநெல்லைக் குற்றி உண்பதுமில்லை. வயலுக்குரிய அந்நெறி வாவிக்கும் உரியதன்றோ?

எம் வாவியில் எம்மீன் எம்மாதத்திற் சினைகொள்ளும் என்பதை முதிய மீனவரிடம் கேட்டு மாணவர் எழுதிவைப்பாராக. ஆய்வாளர் அதனைச் சரிபார்த்து வரம்பு வகுப்பாராக. யானோ, மாரி தொடங்கிக் கடல்வாய் திறந்தபின் தூண்டிலைச் சுருட்டி இறப்பிற் செருகிவிடுகின்றேன். துறைக்குச் செல்வது நிற்கவில்லை. வெறுங்கையோடு அமர்ந்து நீரைப் பார்த்தாலும் மனம் ஆறத்தான் செய்கிறது.